பாட்டின் நடுவே ஒரு பொன்னாடை

என்னைப் பாட்டில் வைத்துப் புகழ்ந்த ஒரே மனிதர் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண். இடம், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறை. சந்தர்ப்பம், நான் உருளைக்கிழங்கு மசியலை அடிப்பிடிக்க விட்டது. ஒரு குழந்தையை உள்ளே இருத்திக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய சட்டி. நான் அதற்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. அடித்தொண்டையில் தொடங்கி, அவசரமே இல்லாமல் மேலே ஏறி, கூரையைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தது. முதலில் எனக்குத் தெரியாத ஒரு மொழி. பிறகு, எனக்கும் விளங்க வேண்டுமே என்ற கருணையில் ஜெர்மன்: "கடல் தாண்டி வந்தவரே, இரண்டு பெண்களின் தகப்பனே, நெருப்பே பிரிய மனமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் சட்டியின் சொந்தக்காரரே!" நான் சட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்துப் பார்த்தேன். நக்கலா என்று அவருடைய முகத்தில் தேடினேன். நக்கல் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவுக்கு, மரியாதையும் இருந்தது. எங்கள் பழைய புலவர்கள் மன்னர்களை இந்த மாதிரித்தான் பாடினார்கள். அவர்கள் யானையை வென்றவர்கள், நான் உருளைக்கிழங்கிடம் தோற்றவன் என்பது ஒரு சின்ன வித்தியாசம்.

சமையலறையில் அவரை எல்லோரும் பாடகி என்றுதான் அழைப்போம். வார நாட்களில் தலையில் வலைத்தொப்பியோடு மூன்று மாடிகளுக்கும் சாப்பாட்டு வண்டி தள்ளுவார். சனி, ஞாயிறுகளில் அந்தத் தொப்பி இருந்த இடத்தில் கோபுரம் போலச் சுற்றிய ஒரு துணி ஏறிவிடும். தன்னுடைய குழுவோடு ஏதாவது ஓர் ஊரில் மேடையேறுவார். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் அவரேதான். நைஜீரியாவின் இபாடான் நகரில், யொருபா என்ற இனத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அங்கே குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது கூடவே ஒரு புகழ்ச்சொல்லும் வைப்பார்களாம். வளர வளர அது நீண்டுகொண்டே போகும். காலையில் பிள்ளை அடம்பிடித்தால் வீட்டுப் பெண்கள் அடிக்காமல் அந்தப் புகழை முழுசாகப் பாடுவார்களாம். "அதைக் கேட்டாப் பிறகு ஆரால் அழுதுகொண்டிருக்க ஏலும், அங்கிள்?" என்று கேட்டார். எனக்குச் சின்ன வயதில் கிடைத்த காலை வாழ்த்துகளை நினைத்துப் பார்த்தேன். அவற்றைக் கேட்டபிறகுதான் நான் அழத் தொடங்குவேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவரும் பேசியது ஜெர்மன். அவர் ஒரு விதமாகப் பிழைவிடுவார், நான் இன்னொரு விதமாகப் பிழைவிடுவேன், இரண்டும் சேர்ந்து எப்படியோ சரியாகிவிடும். ஆனால் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அதற்குக் காரணம் அந்த "அங்கிள்" என்று நினைக்கிறேன். தன்னைவிட மூத்த ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வராது. எங்களுடைய ஷெஃபின், அதாவது சமையலறைத் தலைவி, என்னைவிட இருபது வயது இளையவர், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அதனால் அந்தக் கட்டடத்தில் எனக்கு வயதாகிவிட்டது என்பதைச் சந்தோசமாக ஞாபகப்படுத்திய ஒரே ஆள் பாடகிதான்.

அவருடைய பாட்டு எப்படிப்பட்டது என்று எழுதச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம். நான் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று வெளியில் ஒரு பேச்சு உண்டு. வீட்டில் அதற்கு ஆதாரம் இல்லை. இசை பற்றி எழுதத் தகுதி எங்குமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அவருடைய தகப்பனிடம் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தனவாம். அந்த ஏக்கம் குரலுக்குள் வந்தது. பக்கத்துச் சலூன்காரர் காலை முதல் மாலை வரை ரெகே போட்டபடிதான் முடி வெட்டுவாராம். அந்தத் தாளம் காலுக்குள் வந்தது. ரெகே ஒரு விசித்திரமான சங்கதி. நாங்கள் கை தட்டும் இடத்தில் அது தட்டாது, நாங்கள் கையை விரித்து வைத்திருக்கும் இடத்தில் தட்டும். இந்த இரண்டுக்கும் அடியில் யொருபாப் பேசும் முரசு. எங்கள் உடுக்கைக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம். கக்கத்தில் இடுக்கி, கயிறுகளை நெரித்தும் விட்டும் வளைந்த குச்சியால் அடித்தால் அது ஏறி இறங்கிப் பேசும். யொருபா மொழியே ஏறி இறங்கும் மொழி என்பதால், தெரிந்தவர்களுக்கு முரசு சொல்லும் வசனம் அப்படியே விளங்குமாம். அவருடைய குழுவில் அதை வாசித்தவர் ஒல்லியான ஒரு ஜெர்மன்காரர், பகலில் கணக்கு வாத்தியார். "இவர் முரசிலையும் ஜெர்மன் வாடையோடைதான் கதைக்கிறார். ஆனால் பிழை விடமாட்டார்," என்பார் பாடகி.

இவ்வளவு இருந்தும் அவருக்கு ஒரு மனக்குறை. அது மேடைக்குக் கீழே இருந்தது.

"அங்கிள், பல் டொக்டரிட்டை டெர்மின் எடுத்திட்டு முறை வரும்வரை இருக்கிற மாதிரி இருந்து கேக்கினம். நல்ல சனம். குறை சொல்லேலாது. முடிஞ்சவுடனை கையும் தட்டுவினம். ஆனால் பாட்டு முடிஞ்சாப் பிறகு கை தட்டுறது, பஸ் போனாப் பிறகு கை காட்டுற மாதிரியெல்லே?"

அவருடைய ஊரில் அப்படியில்லையாம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் எழும்பி ஆடிக்கொண்டு பாடகரிடம் வருவார். பாடகர் அவருடைய பெயரைப் பாட்டுக்குள் இழுப்பார், தகப்பன் பெயரை இழுப்பார், அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை இழுப்பார். வந்தவர் நெஞ்சு நிமிர்ந்து ஆடுவார். அதைப் பார்த்து இன்னொருவர் எழும்புவார். பாட்டு எப்போது முடியும் என்பது எழுதி வைத்த விசயமே இல்லை. இங்கே தான் மேடையில் எவ்வளவு பாடினாலும், பாதிப் பாட்டைத்தான் பாடுவதாகவும் மற்றப் பாதி கீழே கதிரையில் இருந்தபடி அசைய மறுப்பதாகவும் அவர் சொன்னார்.

அந்த இலையுதிர்காலத்தில் அவருக்கு நாற்பது வயதானது. அதே வாரம் ஷெஃபின் அவரை அழைத்து, மாடிகளின் பரிமாறல் பொறுப்பு முழுவதையும் தருவதாகச் சொன்னார். நிரந்தர வேலை. களஞ்சியச் சாவி கையில். ஒரேயொரு நிபந்தனை, சனி ஞாயிறு கட்டாயம் வேலைக்கு வர வேண்டும். அதாவது மேடை இல்லை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை நாங்கள் கரட் சீவிக்கொண்டிருந்தபோது இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சீவி முடித்த கரட்டையே மறுபடியும் சீவினார்.

"சனிக்கிழமை நான் பாடேக்கை ஒரு ஆளாவது இருக்க ஏலாமல் எழும்பி என்னட்டை வந்தால், திங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவன். ஒருத்தரும் வராட்டில் சாவியை வாங்குவன். இருபது வருசம் பாடியாச்சு, அங்கிள். ஒரு ஆள்."

"அதுக்கென்ன, நான் எழும்பி வாறன்," என்றேன்.

"நீங்கள் வரக்கூடாது. உங்களுக்கு விசயம் தெரியும். அது கணக்கில்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது." சீவிய கரட்டை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சத்தியம் வாங்கினார்.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியில் எனக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. நகரத்தில் உள்ள வெவ்வேறு நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஒரே மண்டபத்தில் நடத்திய கலைமாலை அது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைப்பிரிவுச் செயலாளர் நான். அந்தப் பதவியை எப்படிப் பெற்றேன் என்றால், தெரிவு நடந்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. எங்கள் பிள்ளைகளின் நடனம் முதலில், அதற்குப் பிறகு பாடகியின் குழு என்று ஒழுங்கு. எங்களவர்கள் வந்த ஒரு மேடையில் ஒரு கலைஞர் பாடிவிட்டு வெறும் தோளோடு இறங்கிப் போனால் எங்களுக்குத் தூக்கம் வராது. ஆகவே ஒரு பொன்னாடையும் ஏற்பாடு செய்தேன். ஊதாநிறம், பொன்கரை. வாங்கவில்லை. எங்கள் மத்தியில் பொன்னாடைகள் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு யாத்திரை போய்க்கொண்டே இருக்கும். இது போன வருடம் என்னுடைய தோளில் ஒரு மணிநேரம் தங்கிய பொன்னாடை. கடைசிப் பாட்டு முடிந்ததும் சங்கத் தலைவர் அதைப் போர்த்தி இரண்டு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு.

தலைவர் அண்ணைக்கு இரண்டு வார்த்தை என்பது அரைமணிநேரம். நல்ல மனிதர். ஆனால் ஒரு ஒலிவாங்கியைக் கண்டால், பசித்தவன் சோற்றைக் கண்ட மாதிரி அவருடைய கண் மாறிவிடும். அன்று அவருக்கு ஒரு சிக்கலும் இருந்தது. பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபில் மனைவியின் தமக்கை மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித விழா. கேக் வெட்டுவதற்கு முன் அங்கே நிற்காவிட்டால், அடுத்த வருடத் தீபாவளி வரை வீட்டில் அந்தக் கதைதான் ஓடும்.

நடனம் முடிந்தது. பாடகி மேடைக்கு வந்தார். முன்வரிசைகளில் ஜெர்மன்காரர்கள், மடியில் நிகழ்ச்சித்தாளோடு. பின்வரிசைகளில் எங்கள் ஆட்கள். எங்கள் ஆட்கள் இசைக்காக இருந்தார்கள் என்று சொன்னால் பொய். உடைமாற்றும் அறையில் பிள்ளைகளின் முகப்பூச்சு இன்னும் அழிந்து முடியவில்லை. முதல் பாட்டு, அமைதி, கைதட்டல். இரண்டாவது பாட்டு, அமைதி, கைதட்டல். அருமையான பாட்டுகள். முழங்கால் தானாக ஆடியது. நான் என்னுடைய கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்தவன் இல்லையா?

"என்னப்பா, மூட்டைப்பூச்சி கடிக்குதோ?" என்றாள் மனைவி.

பாடகி பாடிக்கொண்டே கீழே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. வரிசை வரிசையாகப் பார்த்தார். குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்வை ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் கிட்டக் கிட்ட இறங்கி, கடைசியில் ஒலிவாங்கிக் கம்பிக்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. அவருக்குள்ளே அந்தச் சாவி விழுந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. நான் ஒரு பக்தன் அல்ல. என்றாலும் அந்த நேரத்தில், தெரிந்த தெய்வங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கேட்டேன்: யாராவது ஒருவர் எழும்புங்கோவன்.

கடைசிக்கு முந்திய பாட்டு. புகழ்ப்பாட்டு. கணக்கு வாத்தியார் முரசைக் கக்கத்தில் இடுக்கினார். சரியாக அப்போதுதான் என் தோளில் ஒரு கை விழுந்தது. தலைவர் அண்ணை.

"தம்பி, பொன்னாடை எங்கை?"

"அண்ணை, முடியட்டும். இன்னும் ஒரு பாட்டு இருக்கு."

"எனக்கு டுசல்டோர்ஃப் இருக்கு. நான் இப்ப போத்திட்டு ஓடுறன்."

"பாடிக்கொண்டிருக்கிறா அண்ணை! நடுவிலை ஏறேலாது. இது எங்கடை கோயில் திருவிழா இல்லை."

"ஏன் ஏலாது? மரியாதை செய்யிறதுக்கு நேரங்காலம் இருக்கோ? பிள்ளை, உன்னட்டையோ இருக்கு?"

கடைசிக் கேள்வி என் மனைவிக்கு. பொறுப்பான பொருள்கள் எங்கள் வீட்டில் யாரிடம் இருக்கும் என்பது சங்கம் முழுவதற்கும் தெரியும். "இந்தாங்கோ அண்ணை," என்று அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "கரைப்பக்கம் வெளியாலை வரவேணும்."

அவர் நடுவழியால் நடந்தார். கோட்டுச் சூட்டு, மூக்குக்கண்ணாடி, நெற்றியில் சந்தனப் பொட்டு, இரண்டு கையிலும் ஏந்திய ஊதாப் பொன்னாடை. முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவருடைய கையைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, எழுதுகிறவன் என்ற வகையில் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

பாடகி அவரைக் கண்டுவிட்டார். படியேறி வந்த அந்த மனிதரைப் பார்த்தபோது அவருடைய முகத்தில் வந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. விமான நிலையத்தில் கதவு திறக்கும்போது சிலருடைய முகத்தில் கண்டிருக்கிறேன். பாட்டை நிறுத்தவில்லை. தலைவர் அண்ணை போர்த்துவதற்கு வசதியாக முழங்காலை மடித்துக் குனிந்தார். அவர்கள் ஊரில் மூத்தவர்களுக்கு அதுதான் வணக்கம். எழும்பும்போது பாட்டுக்குள்ளேயே, ஜெர்மனில், "யார் நீங்கள், யாருடைய மகன்?" என்று கேட்டார்.

தலைவர் அண்ணை வாழ்க்கையில் எதிர்பாராத கேள்வி அது. ஒலிவாங்கி அவருடைய வாய்க்கு நேரே இருந்தது. பேச்சு அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அவர் தன்னுடைய பெயரையும் தகப்பன் பெயரையும் மட்டும் சொன்னார். குரல் சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது. பாடகி அந்த இரண்டு பெயரையும் எடுத்துக் கூரைக்கு அனுப்பினார். முரசு அவற்றை அங்கேயே பிடித்துத் திருப்பிச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு மனிதரின் பெயரை வுப்பர்டாலில் ஒரு கணக்கு வாத்தியார் முரசால் உச்சரிக்க, அவருடைய மகன் கோட்டோடும் பொட்டோடும் நின்று தோளை அசைக்கத் தொடங்கினார். முதலில் ஒரு தோள். பிறகு மற்றதும்.

இதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஆட்களால் மட்டுமே முடியக்கூடிய காரியம். கல்யாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எதற்குப் போனாலும் எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: தலைவர் மேடை ஏறிப் பொன்னாடை போர்த்தினால், அடுத்தது குடும்பம் குடும்பமாக ஏறிப் படம் எடுப்பது. அதைச் சொல்ல ஆள் தேவையில்லை. பின்வரிசைகள் மொத்தமாக எழும்பின. சீலை சரிசெய்யப்பட்டது. பாதி மீசையும் பாதி மையும் அழிந்த பிள்ளைகள் இழுத்துவரப்பட்டார்கள். நடுவழியில் ஒரு வரிசை உண்டாகி வாசல்வரை நீண்டது. "கெதியா வாங்கோ, பிறகு சனம் கூடிப்போடும்," என்று யாரோ யாரையோ அதட்டினார்கள்.

ஒவ்வொரு குடும்பமும் ஏற ஏற, பாடகி பெயர் கேட்டார், புகழ்ந்தார். பேக்கரியில் அதிகாலை வேலை செய்கிறவரை, ஊர் விழிக்க முன்னமே ஊருக்குப் பாண் சுடுகிறவரே என்றார். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்த மகளைத் தாய் முன்னே தள்ளிவிட, அதற்கும் ஒரு வரி வந்தது. படம் எடுக்க வந்தவர்கள் படம் எடுக்க மறந்தார்கள். அதைவிட முக்கியம், இறங்க மறந்தார்கள். மேடை நிரம்பி வழிந்தது. ஜெர்மன்காரர்கள் கொஞ்சநேரம் இந்த வரிசையைப் பார்த்தார்கள். வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நில்லாமல் இருப்பது அவர்களுக்குச் சிரமம். நிகழ்ச்சித்தாளை மடித்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். வழியை மறிக்கக்கூடாது என்று சொல்வதற்காக மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் விறைப்பாக மேடைக்கு வந்தார். "விளக்குகளின் அதிபதியே!" என்று பாடகி கையை விரித்தார். அவர் சொல்ல வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தலைவர் அண்ணையின் சட்டைப்பையில் கைப்பேசி ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. டுசல்டோர்ஃபில் கேக் காத்திருக்கவில்லை என்று பிறகு அறிந்தோம். பாட்டு முடிந்தபோது அவர் வாத்தியாருக்குப் பக்கத்தில், வேர்வை வழிய, கண்ணாடி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

அந்த மண்டபத்தில் கதிரையைவிட்டு எழும்பாமல் இருந்த ஒரே ஆள் நான். சத்தியம்.

ஞாயிறு முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. அவர் ஒரு ஆளைக் கேட்டார், ஊரே வந்தது. ஆனால் அவர்கள் பாட்டுக்காக வரவில்லை, படத்துக்காக வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதை நம்பி ஒரு நிரந்தர வேலையை வேண்டாம் என்று சொல்லப்போகிறார். திங்கள் காலை அவர் ஷெஃபினின் அறைக்குப் போக முன் வழியில் மறித்தேன். தலைவரின் அவசரம், எங்களுடைய பழக்கம், வரிசை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னுடைய ஜெர்மன் வழக்கத்தைவிட மோசமாகிக்கொண்டு போனது.

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். வலைத்தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார்.

"அங்கிள், எங்கடை ஊரிலை மட்டும் ஆர் பாட்டுக்காக எழும்பி வாறவை? தங்கடை பேரைக் கேக்க வருவினம். பக்கத்து வீட்டுக்காரன் பாக்கட்டும் எண்டு வருவினம். புதுச் சட்டை போட்டிருந்தால் அதுக்காகவும் வருவினம். வாறது அவையின்ரை விருப்பம். வந்தவையைத் திரும்பிப் போய் இருக்க விடாமல் வைச்சிருக்கிறதுதான் பாட்டு. உங்கடை தலைவர் கேக்குக்குப் போனவரோ?"

"இல்லை."

"பிறகென்ன?" என்றுவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் வேண்டாம் என்று சொன்ன பொறுப்பு யாருக்காவது போகத்தானே வேண்டும்? சாவி என் கைக்கு வந்தது. நான் அந்த நேரம் கதவுக்கு வெளியே நின்றதுதான் என்னுடைய தகுதி என்று நினைக்கிறேன். ஒரு வருடத்தில் பாடகி வேலையை விட்டுவிட்டார். இப்போது வேறு வேறு நாடுகளில் பாடுகிறார். எங்கள் சங்கத்தார் பஸ் பிடித்துப் போய்க் கேட்கிறார்கள். தலைவர் அண்ணை இப்போதெல்லாம் பேசுவது குறைவு, ஆடுவது கூட. எனக்குத்தான் சனி ஞாயிறு வேலை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவருடைய ஒரு கச்சேரிக்கும் போகக் கிடைக்கவில்லை.

அதனால் அவர் எனக்கு ஒரு ஒலிப்பதிவு அனுப்புவார், ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒன்று. பாட்டை அனுப்புவதில்லை, அதைக் கடையில் வாங்கலாம் என்பார். ஒலிவாங்கியை மேடையிலிருந்து கீழ்ப்பக்கம் திருப்பி வைத்து எடுத்த ஒரு சின்னத் துண்டு. ஞாயிறு காலை, மாடிகளுக்கு வண்டிகள் போனபிறகு, களஞ்சிய வாசலில் நின்று அதைக் காதில் வைத்துக் கேட்பேன். தூரத்தில் முரசு. பிறகு ஒரு கதிரை தரையில் இழுபடும் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல், மழை பிடித்த மாதிரி.